மேசைக்கு வந்ததெல்லாம் இலவசம் இல்லை மக்களே!

முதலில் ஒரு சின்னக் கேள்வி. ஒரு ஹோட்டலுக்குப் போய் உட்காருகிறீர்கள். நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே சர்வர் ஒரு கூடை ரொட்டி, ஒரு கிண்ணம் ஆலிவ், உருண்டையாக ஒரு சின்ன சீஸ், இரண்டு குட்டி டப்பா மத்தி மீன் பேஸ்ட் எல்லாம் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விடுகிறார். உங்களுக்கோ கொலைப்பசி. என்ன செய்வீர்கள்?

"இதெல்லாம் ஒரு கேள்வியா, சாப்பிட வேண்டியதுதானே!" என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்ததோடு நிறுத்தவில்லை, சாப்பிட்டும்விட்டேன். அதற்கு நாங்கள் கொடுத்த விலை 20 யூரோ 50 சென்ட். அப்போது நான் எதை வாங்கினாலும் மனசுக்குள் 90-ஆல் பெருக்கிப் பார்க்கும் வியாதியில் இருந்தேன். கணக்குப் போட்டால் 1845 ரூபாய். சாப்பாட்டுக்கு இல்லை மக்களே, சாப்பாடு வருவதற்கு முன்னால் கொறித்ததற்கு!

நடந்தது இதுதான். ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்சுக்காகப் போர்ச்சுகல் தலைநகரம் லிஸ்பனுக்குப் போயிருந்தோம். வந்து சேர்ந்த முதல் சனிக்கிழமை, "ஒரு தடவையாவது ஒழுங்கா உட்கார்ந்து போர்ச்சுகீஸ் சாப்பாடு சாப்பிடணும்டா" என்று மூன்று பேர் கிளம்பினோம். டூரிஸ்ட்டுகள் நிறைந்த பைஷா பகுதி. வாசலிலேயே ஒருவர் மெனு கார்டோடு நின்று எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் சிரித்தார், நாங்களும் சிரித்தோம், உள்ளே போய்விட்டோம்.

போகும் முன்பே ஆளுக்கு ஒரு பட்ஜெட் வைத்திருந்தோம். நான் பக்கல்யாவ் அ பிராஸ் சொன்னேன், 13 யூரோ. உப்புக் கருவாடாக வரும் காட் மீனை ஊறவைத்து, உதிர்த்து, தீக்குச்சி மாதிரி நறுக்கி வறுத்த உருளைக்கிழங்கோடு முட்டை ஊற்றிக் கிளறுவார்கள். நம்ம ஊர் முட்டைப் பொரியலுக்குத் தூரத்துச் சொந்தம். இன்னொருத்தன் சுட்ட மத்தி சொன்னான், 12 யூரோ. மூன்றாவது நண்பன் முட்டை வரைக்கும்தான். அதனால் அவனுக்கு ஆம்லெட், 9 யூரோ. மொத்தம் 34. இரண்டு யூரோவுக்கு ஒரு தண்ணீர் பாட்டில். இதுதான் நாங்கள் கேட்டது.

பில் வந்தபோது இருந்தது 56.50.

ரொட்டி ஆளுக்கு 2 வீதம் 6 யூரோ. ஆலிவ் 3. சீஸ் 8.50. மத்தி பேஸ்ட் இரண்டு டப்பா 3. நாங்கள் 'கேட்காத' இந்த லிஸ்ட்டில் ஒரு வரி கூடப் பொய் இல்லை. எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துச் சாப்பிட்டிருந்தோம். சீஸை மட்டும் ஓரத்தில் கொஞ்சம் கிள்ளியிருந்தோம். கிள்ளினாலும் 8.50, முழுங்கினாலும் 8.50!

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "பரவால்லடா, ஃபர்ஸ்ட் டைம்தானே" என்று நான் பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். 56.50-ஐ மூன்றால் வகுத்தோம். ஆளுக்கு ஏறக்குறைய 19 யூரோ. காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டோம்.

கூவேர் என்றொரு வழக்கம்

திங்கள்கிழமை லேபில் ஆராய்ச்சி செய்யும் நம்ம ஊர் அக்கா ஒருவரிடம் புலம்பினேன்.

"அக்கா, இது பச்சை ஏமாத்து வேலை இல்லையா?"

"ஏமாத்து எல்லாம் இல்லடா. அதுக்குப் பேரு கூவேர். மேசையில வச்சாங்க, நீங்க சாப்பிட்டீங்க. தொடாம விட்டிருந்தா ஒரு பைசா கிடையாது. மெனு கார்டுல முதல் பக்கத்துலயே விலை போட்டிருக்குமே, பாக்கலையா?"

பார்த்திருந்தேன். அதுதான் விஷயமே. பார்த்திருந்தும் கேட்கவில்லை.

போர்ச்சுகலில் சமையல் ஆகும்வரை பசிக்கு இதமாக ரொட்டி, ஆலிவ், வெண்ணெய், சீஸ் வைப்பது வழக்கம். அதன் பெயர்தான் கூவேர். எடுத்தால் காசு, எடுக்காவிட்டால் இல்லை. இது வெறும் வழக்கம் மட்டும் இல்லை, சட்டத்திலும் இருக்கிறது. 2015-இல் வந்த வணிகச் சட்டத்தில் உணவகங்களுக்கு என்றே ஒரு பிரிவு உண்டு. கூவேர் உட்பட எல்லாவற்றின் விலையும் பட்டியலில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் வாசலிலும் இருக்க வேண்டும், உள்ளேயும் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்காத, அல்லது அவர் தொட்டு வீணாக்காத எந்தப் பண்டத்துக்கும் காசு வாங்கக் கூடாது. கூவேர் என்றால் சாப்பாட்டுக்கு முன் 'வாடிக்கையாளர் கேட்டால்' தரப்படுவது என்றுதான் அந்தச் சட்டமே விளக்கம் சொல்கிறது.

அதாவது சட்டம் நம் பக்கம். மெனு கார்டும் நம் பக்கம். சர்வர் கூட நமக்கு எதிரி இல்லை. பிறகு அந்த 20.50 யூரோ எங்கே போனது? என் கருத்து இதுதான்: அது எங்கள் கூச்சத்துக்குப் போனது.

"வேண்டாம்" சொல்ல வராத வாய்

நாம் வளர்ந்த விதம் அப்படி. பந்தியில் உட்கார்ந்தால் இலையில் வைத்ததை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சொந்தக்காரர் வீட்டில் கொடுத்த காபியைக் குடிக்காமல் வந்தால் மனஸ்தாபம். நம்ம ஊர் டிபன் கடையில் இரண்டு இட்லி வாங்கினால் மூன்று சட்னியும் வாளி சாம்பாரும் தானாக வரும், அதற்குத் தனியாகக் காசு கேட்க மாட்டார்கள். எனவே மேசைக்கு வந்தது எல்லாம் நம்முடையது என்று நம் கைக்கு ஒரு பழக்கம். கை தானாகப் போகிறது.

அதற்கு மேல் இன்னொன்று. விலை கேட்டால் 'காசில்லாதவன்' என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். அதுவும் வெளிநாட்டில், வெள்ளைத் துணி விரித்த மேசையில், பாஷை தெரியாத இடத்தில் என்றால் கேட்கவே வேண்டாம். மால் ஃபுட் கோர்ட்டில் கூட "அண்ணா, இது எவ்ளோ?" என்று கேட்கத் தயங்குகிறவர்கள் நம் வகுப்பிலேயே எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். நான் தூக்கிவிட்டேன்.

சரி, போனால் போகிறது, ஒரு ராத்திரி 20 யூரோதானே என்று விட்டுவிடலாம். நானும் விட்டிருப்பேன், அடுத்த வாரம் நடந்ததைக் கவனிக்காமல் இருந்திருந்தால்.

அந்த ஆம்லெட் நண்பன் கல்விக் கடன் வாங்கி வந்தவன். வாரத்துக்கு இவ்வளவுதான் என்று நோட்டில் எழுதிச் செலவு செய்கிறவன். அன்றைக்கு 9 யூரோவுக்குச் சாப்பிடத்தான் வந்தான். மத்தி பேஸ்ட்டை அவன் தொடக்கூட இல்லை. ஆனால் கொடுத்தது 19. ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்து நாங்கள் எங்கே கூப்பிட்டாலும் "அசைன்மென்ட் இருக்குடா", "தலை வலிக்குதுடா". அவனுக்கு அசைன்மென்ட்டும் இல்லை, தலைவலியும் இல்லை என்று எனக்குப் புரிய பத்து நாள் ஆனது.

இங்கேதான் எனக்கு உறைத்தது. ஒரு மேசையில் யாரும் வாயைத் திறக்காவிட்டால், அந்த மௌனத்துக்கான பில்லைச் சமமாகப் பிரிப்பது போலத்தான் தெரியும். ஆனால் கையில் காசு குறைவாக இருப்பவனுக்குத்தான் அது அதிகமாக வலிக்கும். நான் அன்றைக்குப் "பரவால்லடா" என்று சொன்னது பெருந்தன்மை இல்லை. எனக்குப் பரவாயில்லை என்பதால் எல்லாருக்கும் பரவாயில்லை என்று நானே முடிவு செய்துவிட்டேன். கேட்டிருக்க வேண்டியவன் நான். ஏனென்றால், நான் கேட்டிருந்தால் எனக்கு அது வெறும் கேள்வி. அவன் கேட்டிருந்தால் அவன் பொருளாதார நிலைமையே மேசைக்கு வந்திருக்கும்.

நம்ம டிபார்ட்மென்ட் பக்கம் வருவோம்

இதை ஒரு இன்ஜினியரிங் மாணவராக யோசித்துப் பாருங்கள். கூவேர் என்பது ஒரு டீஃபால்ட் செட்டிங். ஏற்கெனவே ஆன் செய்து வைத்திருக்கிறார்கள். வேண்டாம் என்றால் நாம்தான் ஆஃப் செய்ய வேண்டும். டீஃபால்ட்டை மாற்ற நிறைய பேர் மெனக்கெட மாட்டார்கள் என்பது தொழில் செய்கிற எல்லாருக்கும் தெரியும்.

டிக்கெட் புக் பண்ணும்போது டிக் அடித்தே வரும் இன்சூரன்ஸ், செக்-அவுட்டில் தானாகச் சேரும் நன்கொடை, இலவச டிரையல் முடிந்ததும் கார்டிலிருந்து ஓடும் பணம் எல்லாம் இந்தக் குடும்பம்தான். நம் நாட்டில் 2023 நவம்பரில் வந்த டார்க் பேட்டர்ன் வழிகாட்டுதல்கள் இப்படி 13 வகைகளைப் பட்டியல் போட்டிருக்கின்றன. நாம் கேட்காத பொருளைக் கூடையில் நைசாக நுழைப்பதற்கு அதில் 'பாஸ்கெட் ஸ்னீக்கிங்' என்று பெயர். ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் முன்பே, 2011-இலேயே, முன்கூட்டியே டிக் அடித்த பெட்டியை வைத்துக் கூடுதல் காசு வாங்குவதைத் தடுத்துவிட்டது. போர்ச்சுகலும் அந்த ஒன்றியத்தில்தான் இருக்கிறது!

அப்படியானால் கூவேரும் டார்க் பேட்டர்ன்தானா? இல்லை என்பேன். ஏனென்றால் அது ஒளிந்து வருவதில்லை. கண்ணெதிரே, கூடையில், வாசனையோடு வருகிறது. வேண்டாம் என்று சொல்ல ஐந்து ஸ்கிரீன் தாண்டிப் போக வேண்டியதில்லை, ஒரு வார்த்தை போதும். மனுஷன் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய அந்த ஒரு வார்த்தையையே நம்மால் சொல்ல முடியவில்லை என்றால், ஆப்பில் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் இருக்கும் 'ஸ்கிப்' பட்டனை எங்கே தேடப் போகிறோம்?

இன்னும் மூன்று நான்கு வருஷத்தில் நம்மில் சிலர் அந்தப் பட்டனுக்குக் கோட் எழுதும் வேலையில் இருப்போம். "டிக் அடிச்சே வச்சிருங்க, கன்வெர்ஷன் ஏறும்" என்று மேனேஜர் சொல்வார். அன்றைக்கு வாயைத் திறக்க வேண்டும் என்றால், பயிற்சியை இப்போதே ஹோட்டல் மேசையில் ஆரம்பிப்பதில் தப்பில்லை.

"கஞ்சத்தனம்டா இது" என்பவர்களுக்கு

இந்தக் கட்டுரையை எழுதுகிறேன் என்றதும் ஒரு நண்பன் சொன்னான்: "அடுத்த நாட்டுக்குப் போயி அவங்க கலாச்சாரத்துல ரொட்டிக்கு ரெண்டு யூரோ கணக்குப் பாக்குறியே, அசிங்கமா இல்ல?"

நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று பிறகு கவனித்துப் பார்த்தேன். லேபில் கூட இருந்த போர்ச்சுகீஸ் பையன் ஒருவனோடு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். லேபுக்குப் பின்னால் ஒரு தாஷ்கா, அதாவது சின்னச் சாப்பாட்டுக் கடை. மேசையில் காகித விரிப்பு, சுவரில் டி.வி.யில் ஃபுட்பால், கதவில் கையால் எழுதி ஒட்டிய அன்றைய லிஸ்ட். கூவேர் வந்தது. அவன் பேச்சை நிறுத்தாமலேயே ரொட்டியையும் ஆலிவையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டான், சீஸைக் கையால் லேசாகத் தள்ளினான். சர்வர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு பேர் முகத்திலும் ஒரு சலனமும் இல்லை. நான்தான் ஏதோ சண்டை வரப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்!

ஆக, கூவேரை முழுசாக ஏற்றுக்கொள்வது மட்டும் கலாச்சாரம் இல்லை. வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததைத் திருப்பி அனுப்புவதும் அதே கலாச்சாரம்தான். வெளியூர்க்காரர்கள் நமக்குப் பாதி மட்டும்தான் தெரிந்திருந்தது.

அன்றைக்குச் சாப்பிட்டதை இன்னும் மறக்கவில்லை. நம்ம பாறை மீன் குடும்பத்தைச் சேர்ந்த காரபாவ் என்ற சின்ன மீன், முழுசாக மொறுமொறுவென்று பொரித்தது. கூடவே தக்காளிச் சோறு, ரசம் ஊற்றிப் பிசைந்த பதத்தில் தளதளவென்று. காரம்தான் இல்லை. கேட்டதும் மிளகாய் ஊறிய பிரி-பிரி எண்ணெய் பாட்டில் வந்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து மிளகாயைக் கப்பலேற்றி இந்தியாவுக்குக் கொண்டுவந்ததே போர்ச்சுகீஸ்காரர்கள்தான். கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவர்கள் காரத்தைக் குறைத்துக்கொண்டார்கள், நாம் பிடித்துக்கொண்டோம். அந்தச் சாப்பாட்டோடு இரண்டு துண்டு ரொட்டி வாங்கி, தட்டில் மிச்சமிருந்த எண்ணெயைத் துடைத்துச் சாப்பிட்டேன். இந்தத் தடவை காசு கொடுத்தது வலிக்கவே இல்லை. நான் கேட்டு வாங்கியது அல்லவா.

போகிறவர்களுக்கு நாலு வார்த்தை

எக்ஸ்சேஞ்ச், இன்டர்ன்ஷிப், கான்ஃபரன்ஸ் என்று அந்தப் பக்கம் போகிற ஜூனியர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. கூவேர் வேண்டாம் என்றால் ஆண்கள் "நாவ், ஒப்ரிகாடு", பெண்கள் "நாவ், ஒப்ரிகாடா" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் போதும். 'வேண்டாம், நன்றி' என்று அர்த்தம். தொடுவதற்கு முன்பே சொல்லுங்கள்.

2. மெனுவில் 'மெய்யா டோஸ்' என்று இருக்கிறதா பாருங்கள். அரைப் பங்கு. முழு 'டோஸ்' பல கடைகளில் இரண்டு பேர் சாப்பிடும் அளவுக்கு வரும். ஆளுக்கு ஒன்று சொல்லிவிட்டு முழிக்காதீர்கள்.

3. மதியம் என்றால் 'பிராத்து து தியா'வைத் தேடுங்கள். அன்றைய ஸ்பெஷல் சாப்பாடு, பொதுவாக விலையும் குறைவு. வாசலில் கூப்பிடுகிற கடையை விட, வேலைக்குப் போகிறவர்கள் வரிசையில் நிற்கிற கடைக்குப் போங்கள்.

4. சுட்ட மீனுக்குப் பல இடங்களில் கிலோ கணக்கில் விலை போட்டிருப்பார்கள். எடை எவ்வளவு, என்ன விலை வரும் என்று முதலிலேயே கேளுங்கள். ஊர்க்காரர்களும் கேட்பார்கள்.

5. மெனுவில் இருக்கும் விலையில் வரி சேர்ந்தே இருக்கும். டிப்ஸ் கட்டாயம் இல்லை. பில் தானாக வராது, "அ கோன்டா, போர் ஃபவோர்" என்று கேட்க வேண்டும்.

6. சைவமா? 'கால்து வெர்த்' என்ற கீரை-உருளைக்கிழங்கு சூப்பில் பெரும்பாலும் ஒரு துண்டு பன்றி இறைச்சி சாசேஜ் மிதக்கும், விசாரித்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக கேன்டீன் பாதுகாப்பான இடம். பொது நிறுவனங்களின் கேன்டீன்களில் சைவ உணவு இருந்தே ஆக வேண்டும் என்று 2017-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள்.

7. தொடாத பண்டத்துக்கும் காசு போட்டுவிட்டு, சொல்லியும் எடுக்கவில்லை என்றால் புகார்ப் புத்தகத்தைக் கேளுங்கள். 'லிவ்ரு த ரெக்லமசோய்ஷ்'. ஒவ்வொரு கடையிலும் வைத்திருக்க வேண்டும், கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது சட்டம்.

கூட்டமாகப் போகிறவர்களுக்கு எட்டாவதாக ஒன்று, இதுதான் எனக்கு முக்கியம்: உங்களில் யாருக்குக் காசு பெரிய பிரச்சினை இல்லையோ, அவர்தான் முதலில் விலை கேட்க வேண்டும். அவர்தான் "அவங்கவங்க சாப்பிட்டதுக்கு அவங்கவங்க கொடுத்துக்கலாம்டா" என்று முதலில் சொல்ல வேண்டும்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் மூன்று பேரும் மறுபடி வெளியே சாப்பிடப் போனோம். ஆம்லெட் நண்பனைக் கூப்பிடும்போதே "ஆளாளுக்குத் தனி பில், லேப் பின்னாடி இருக்குற கடை" என்று சொல்லித்தான் கூப்பிட்டேன். வந்தான். கூடை வந்தது. ரொட்டியை வைத்துக்கொண்டு, சீஸை அவனே தள்ளிவிட்டு, "நாவ், ஒப்ரிகாடு" என்றான். சர்வர் அவன் உச்சரிப்பைத் திருத்திவிட்டுப் போனார். அன்றைக்கு அவன் பில் 8 யூரோ. அதை நோட்டில் எழுதிவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பிகா, அதாவது லிஸ்பன்காரர்களின் சின்ன டம்ளர் ஸ்ட்ராங் காபி, எங்களுக்கும் சேர்த்து அவனே வாங்கிக் கொடுத்தான்.

நாம் தினமும் சொல்கிற 'மேசை' என்ற வார்த்தையே போர்ச்சுகீஸ்காரர்களிடமிருந்து வந்ததுதான். சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் அப்படி வந்தவையே. இத்தனையும் வாங்கிக்கொண்ட நாம், அந்த மேசையில் உட்கார்ந்து "இது எவ்ளோங்க?" என்று கேட்கவும் பழகிக்கொள்ளலாமே. லிஸ்பன் வரைக்கும் போக வேண்டாம். இந்த வார வீக்எண்ட் ட்ரீட்டிலேயே ஆரம்பியுங்கள்.